ஹாலிவுட் படங்களில் வரும் ‘நல்ல எதிரி’ கேப்டன்... மெட்ராஸைச் சுட்ட எம்டனின் நிஜக் கதை!

பழைய ஹாலிவுட் கடற்போர்ப் படங்களுக்கு ஒரு ஃபார்முலா உண்டு. தன்னந்தனியாக ஒரு கப்பல், பின்னால் துரத்தும் பெரும்படை, கண்ணில் மண்ணைத் தூவ ஒரு மாறுவேஷம். எல்லாவற்றுக்கும் மேலே, எதிரியாக இருந்தாலும் கண்ணியம் தவறாத ஒரு கேப்டன். 1955-ல் வந்த ‘தி சீ சேஸ்’ படத்தில் அமெரிக்க ஹீரோக்களின் ஹீரோவான ஜான் வெய்னே ஜெர்மன் கேப்டனாக நடித்தார். சிட்னி துறைமுகத்திலிருந்து நழுவி, பசிபிக் கடல் முழுக்கத் தண்ணி காட்டும் சரக்குக் கப்பலின் கதை. 1957-ல் வந்த ‘தி எனிமி பிலோ’ இன்னும் ஒரு படி மேலே. ராபர்ட் மிட்சம் ஓட்டும் அமெரிக்கப் போர்க்கப்பலும் கர்ட் யூர்கென்ஸ் ஓட்டும் ஜெர்மன் நீர்மூழ்கியும் படம் முழுக்க ஆடு புலி ஆட்டம் ஆடும். கடைசியில் இரண்டு கேப்டன்களும் ஒருவரையொருவர் மதிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிய படம் அது.

“சினிமாவுலதான் இப்படியெல்லாம் நடக்கும்” என்று தோன்றுகிறதா? அந்த ஃபார்முலாவில் உள்ள எல்லாமே ஒரே கப்பலில் நிஜமாக நடந்திருக்கிறது. அதன் முக்கியமான ஸீன் நம்ம மெட்ராஸ் துறைமுகத்தில்தான். கப்பலின் பெயரை நீங்கள் நிச்சயம் சொல்லியிருப்பீர்கள், கப்பல் என்று தெரியாமலேகூட. “அவன் சரியான எம்டன்டா!”

யார் இந்த எம்டன்?

எஸ்.எம்.எஸ். எம்டன் ஜெர்மன் கடற்படையின் ஒரு சிறிய க்ரூஸர். எம்டன் என்பது ஜெர்மனியில் ஒரு துறைமுக ஊரின் பெயர். 1909-ல் பணிக்கு வந்த இந்தக் கப்பலில் 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து, டார்பீடோ குழாய்கள் இரண்டு, வேகம் சுமார் 24 நாட். அந்தக் காலக் கணக்கில் இது பெரிய ஆயுதமே இல்லை. பிரிட்டனின் பெரிய கப்பல் ஒன்றுடன் நேருக்கு நேர் நின்றால் தாக்குப்பிடிக்காது.

சீனாவின் சிங்தாவ் துறைமுகம் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. 1914 ஜூலை 31-ம் தேதி எம்டன் அங்கிருந்து கிளம்பியது. சில நாட்களில் முதல் உலகப் போர் வெடித்தது. கிழக்காசியாவில் இருந்த ஜெர்மன் கப்பல் படைக்குத் தலைவர் அட்மிரல் ஃபான் ஸ்பே. அவர் மற்ற கப்பல்களோடு தென் அமெரிக்கா பக்கம் போக முடிவெடுத்தார். எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் மட்டும், “நான் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குப் போகிறேன்” என்று அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டார். துணைக்கு மார்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பல் ஒன்று.

அங்கே ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. சுற்றிலும் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, ஜப்பான். போனால் திரும்பி வருவது கஷ்டம் என்று முல்லருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

நாலாவது புகைபோக்கி

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அந்தப் பக்கம் சுற்றிய பிரிட்டிஷ் க்ரூஸர் யார்மவுத்துக்கு நான்கு. முல்லரின் அடுத்த நிலை அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே ஒரு யோசனை சொன்னார்: மரச்சட்டமும் கான்வாஸ் துணியும் வைத்து நாலாவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிவிடலாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, “நம்ம ஆள்தான் வர்றான்” என்று தோன்றும். படத்தில் வைத்தால், “லாஜிக் இடிக்குதே” என்று விமர்சனம் எழுதுவோம். நிஜத்தில் வேலை செய்தது.

செப்டம்பர் 10-ம் தேதி வங்காள விரிகுடாவில் வேட்டை தொடங்கியது. இண்டஸ், லோவாட், கில்லின், டிப்ளமேட், ட்ராபாக், கிளான் மாத்திசன் என்று ஒரு வாரத்துக்குள் வரிசையாகக் கப்பல்கள் சிக்கின. இண்டஸில் கிடைத்த முக்கியமான பொருள் என்ன தெரியுமா? சோப்பு. எம்டனில் சோப்புக்குத் தட்டுப்பாடு வந்திருந்த நேரம் அது. லண்டனுக்குப் போகவேண்டிய தேயிலையோடு டிப்ளமேட் கடலுக்கு அடியில் போனது.

படங்களில் யாரும் அதிகம் காட்டாத ஒரு விஷயம் எரிபொருள். நிலக்கரியில் ஓடும் கப்பலுக்குப் பசி அதிகம். ரோந்துக் கப்பல் கண்ணில் படாமல் நடுக்கடலிலோ ஆளில்லாத தீவோரத்திலோ நின்று, கப்பலுக்குக் கப்பல் மூட்டை மூட்டையாகக் கரியை மாற்ற வேண்டும். எம்டன் அதிகாரிகளும் மாலுமிகளும் சண்டை போட்டதைவிடக் கரி சுமந்த நேரம்தான் அதிகம். இந்திய நிலக்கரி வேறு கரும்புகையாகக் கக்கும், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நல்ல வேல்ஸ் நாட்டுக் கரி ஏற்றிவந்த ப்யூரெஸ்க் கப்பல் பின்னர் சிக்கியபோது எம்டன்காரர்களுக்கு அது லாட்டரி அடித்த மாதிரி.

ஆட்களை என்ன செய்தார்?

முல்லரை ‘கனவான் கேப்டன்’ ஆக்கியது இந்த இடம்தான். வணிகக் கப்பலைப் பிடித்தால் முதலில் ஆட்களை இறக்குவார். பிறகுதான் கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் இருந்த சரக்கு அமெரிக்கர்களுடையது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. கேப்டனின் மனைவியும் குழந்தையும்கூட அதில் இருந்தார்கள். அதனால் கபிங்காவை மூழ்கடிக்காமல், பிடிபட்டவர்களை எல்லாம் அதில் ஏற்றி, “போய் வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார். கிளம்பும்போது அவர்கள் எம்டனைப் பார்த்து வாழ்த்துக் குரல் எழுப்பினார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. தங்கள் கப்பலை மூழ்கடித்தவனுக்கே வாழ்த்து! லண்டன் பத்திரிகைகளே அவரைப் பாராட்டி எழுதின.

இதில் தனிமனித நல்ல குணம் எவ்வளவு, சட்டம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அன்றைய சர்வதேசக் கடல் சட்டப்படி வணிகக் கப்பலை நிறுத்தி, சோதித்து, ஆட்களைப் பத்திரப்படுத்திய பிறகே மூழ்கடிக்க வேண்டும். முல்லர் அந்த விதியை அப்படியே பின்பற்றினார். ஆட்களை ஏற்றிக்கொள்ள அவரிடம் இடமும் இருந்தது. நீர்மூழ்கிகள் வந்த பிறகு இது மாறிப்போனது. ஒடுங்கலான நீர்மூழ்கிக்குள் கைதிகளை எங்கே வைப்பது? 1917-ல் ஜெர்மனி எச்சரிக்கை இல்லாமலே சுட்டுத் தள்ளும் போரை அறிவித்துவிட்டது. ‘தி எனிமி பிலோ’ மாதிரி படங்கள் இரண்டாம் உலகப் போரின் நீர்மூழ்கி கேப்டனுக்கு மாட்டிவிட்ட முகம், என் பார்வையில், அதற்கு முந்தைய போரின் முல்லர் முகம்தான்.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை

பிரிட்டன் போரில் இறங்கி ஐம்பது நாள்கூட ஆகவில்லை. வங்கக் கடலில் ஒரு ஜெர்மன் கப்பல் சுற்றுகிறது என்பது ஒரு வாரமாக அதிகாரிகளுக்குத் தெரியும். ஆனாலும் அன்று இரவு மெட்ராஸ் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. அதுவும் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. இருட்டில் வருபவனுக்கு இதைவிட நல்ல வழிகாட்டி வேண்டுமா?

இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் கரையிலிருந்து சுமார் 3,000 கஜ தூரத்தில் வந்து நின்றது. தேடு விளக்கைப் போட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். சில நிமிடங்களில் தொட்டிகள் பற்றி எரிந்தன. சுமார் அரை மணி நேரத்தில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள். கோட்டைப் பக்கமிருந்த பீரங்கிகள் சில முறை பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டுக்குள் போய்விட்டது. எரியும் எண்ணெயின் வெளிச்சம் வெகுதூரம் வரை தெரிந்தது.

குண்டுகள் எண்ணெய்த் தொட்டியோடு நிற்கவில்லை. உயர்நீதிமன்ற வளாகத்தின் சுவரில் ஒன்று விழுந்தது. துறைமுகத்தில் நின்றிருந்த சுப்ரா என்ற வணிகக் கப்பலிலும் அடி விழுந்தது. அன்றைய இரவில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள்.

முல்லர் ஏன் இதைச் செய்தார்? எண்ணெய் எரிந்த நஷ்டம் முக்கியமே இல்லை. இந்திய மக்களிடம் ஒரு பரபரப்பை உண்டாக்கவும், ஆங்கில வணிகத்தைக் குலைக்கவும், ஆங்கிலேயர்களின் மதிப்பைக் கெடுக்கவும்தான் இந்தத் தாக்குதல் என்று அவரே தன் அறிக்கையில் விளக்கியிருக்கிறார். “கடலுக்கே ராஜா நாங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாசலில் வந்து பட்டாசு வெடித்துவிட்டுப் போன மாதிரி. இன்றைய பாஷையில் சொன்னால், அது ஒரு பி.ஆர். ஸ்டன்ட். ஐந்து உயிரை எடுத்த ஸ்டன்ட்.

கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

கடற்போர்ப் படங்களில் கேமரா எப்போதும் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும். கரை என்பது தூரத்தில் தெரியும் நெருப்பு மட்டும்தான். ‘கட்’ ஆனதும் கதை அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும். மெட்ராஸ்காரர்களுக்கு அந்த ‘கட்’ கிடைக்கவில்லை.

1911 கணக்கெடுப்பின்படி நகரில் சுமார் 5 லட்சம் பேர். மறுநாள் காலையிலிருந்தே ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுதான் நிலைமை. “நாளைக்கு மறுபடி வருவானாம்”, “ஜெர்மன்காரன் இறங்கப்போறானாம்” என்று வாய்க்கு வாய் வதந்தி. ரயில் நிலையங்களில் கூட்டம் தள்ளுமுள்ளு ஆனது. கடைகள் மூடின, சாமான் விலை ஏறியது.

கடலிலிருந்து விலகிப் போக வேண்டுமென்றால் மெட்ராஸ்காரருக்கு மேற்கு திசைதான். ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் 1856-ல் போட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அங்கேதான் போகிறது. பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று இன்று நீங்கள் வேலைக்குப் போய்வரும் அதே தடம். சாலை என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. அன்றைக்கு அம்பத்தூர் என்றால் ஏரியும் வயலும்தான், தொழிற்பேட்டையும் ஐ.டி. பார்க்கும் கனவில்கூட இல்லை. கடலில் இருந்து பாயும் குண்டு எட்டாத தூரம் என்பதே அந்த ஊர்களின் பெரிய தகுதி.

இருபத்தெட்டு வருஷம் கழித்து இதே காட்சி இன்னும் பெரிதாகத் திரும்பவும் நடந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல்படை கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தபோது, மெட்ராஸைக் காலி செய்யச் சொன்னது அரசாங்கமே. அலுவலகங்கள் உள்ளூர்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதோடு சரி. அந்தப் போர்க்காலத்தில் ராணுவத் தளமாக மாறிய ஊர்களில் ஆவடியும் ஒன்று. டாங்கி தொழிற்சாலை எல்லாம் அதற்குப் பிறகு வந்த கதை.

மீதிக் கதை, ஃபாஸ்ட் ஃபார்வர்டில்

மெட்ராஸுக்குப் பிறகு எம்டன் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய் இன்னும் பல கப்பல்களைப் பிடித்தது. அக்டோபரில் டியகோ கார்சியா தீவில் நின்றபோது, போர் வந்திருக்கிறது என்ற சேதியே அந்தத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. எம்டன்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. தீவுக்காரர் ஒருவரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அக்டோபர் 28 விடியற்காலை, பொய்ப் புகைபோக்கியோடு பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தது. சுடுவதற்குச் சற்று முன்னால்தான் ஜெர்மன் கொடியை ஏற்றியது. அதுவும் விதிப்படிதான்: வேஷம் போடலாம், ஆனால் சொந்தக் கொடியை ஏற்றாமல் சுடக் கூடாது. ரஷ்ய க்ரூஸர் ஷெம்சுக் மூழ்கியது. அதன் கேப்டன் அப்போது கப்பலிலேயே இல்லை, கரையில் இருந்தார். வெளியே வரும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலும் காலி.

முடிவு நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவுகளில். அங்கிருந்த கேபிள், வயர்லெஸ் நிலையத்தை அழிக்க மூக்கே தலைமையில் சுமார் ஐம்பது பேர் இறங்கினார்கள். வயர்லெஸ் கம்பத்தைச் சாய்க்கும்போது, “எங்க டென்னிஸ் கோர்ட் மேல விழாம பாத்துக்கோங்க” என்று நிலைய ஊழியர்கள் கேட்க, அப்படியே செய்தார்களாம். ஆனால் அதற்குள் அபாயச் செய்தி போய்விட்டது. அந்தப் பக்கமாகத் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி திரும்பி வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை, தூரமும் அதிகம். எம்டன் நொறுங்கி, வடக்கு கீலிங் தீவின் பாறைகளில் மோதி நின்றது. எம்டனில் 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முல்லர் போர்க்கைதியானார், 1923-ல் காலமானார்.

கரையில் மாட்டிக்கொண்ட மூக்கேவும் ஆட்களும் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு தப்பி, சுமத்ரா, அரேபியப் பாலைவனம் வழியாக 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கே தனிப் படம் வேண்டும். ஜெர்மனி 2012-ல் எடுத்தது. முன்பே 1926-ல் ஜெர்மனியில் எம்டன் பற்றி மௌனப்படம் வந்தது. அதை வாங்கி, புதிய காட்சிகளைச் சேர்த்து 1928-ல் ஆஸ்திரேலியா தன் பதிப்பை வெளியிட்டது. ஜெயித்தவர், தோற்றவர் இரண்டு பேருக்கும் படம் கிடைத்துவிட்டது. மெட்ராஸ் இரண்டிலும் ஒரு ஸீன்தான்.

நம்ம பக்கத்துக் கடலை வைத்து வந்த பிரபல ஆங்கிலப் படம் என்றால் 1980-ல் வந்த ‘தி சீ வுல்வ்ஸ்’. கிரிகரி பெக், ரோஜர் மூர், டேவிட் நிவன் நடித்தது. 1943 மார்ச்சில் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் ஒதுங்கியிருந்த ஜெர்மன் கப்பலைக் கல்கத்தாவின் நடுவயது வெள்ளைக்கார ஆபீஸர்கள் ரகசியமாகப் போய்த் தாக்கிய உண்மைச் சம்பவம். கோவா அப்போது போர்ச்சுகல் வசம், போர்ச்சுகல் நடுநிலை நாடு. அங்கே போய்த் தாக்குவது சட்டப்படி தப்பு. படத்தில் அவர்கள்தான் ஹீரோ. ‘நல்ல எதிரி’, ‘நல்ல நம்மாள்’ எல்லாம் கேமரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

செண்பகராமன் எம்டனில் இருந்தாரா?

தமிழ்நாட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது கட்டாயம் வரும் கேள்வி. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளைதான் எம்டனில் இருந்து மெட்ராஸுக்கு வழிகாட்டினார் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் செப்டம்பரில் சுற்றும். தேதிகளை வைத்துப் பாருங்கள். 1914-ல் அவர் ஐரோப்பாவில் இருந்தார், அந்த செப்டம்பரில் சூரிச்சில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துக்கொண்டிருந்தார். எம்டனோ ஜூலை 31-ல் சீனாவிலிருந்து கிளம்பியது, எந்த ஐரோப்பியத் துறைமுகத்தையும் தொடவே இல்லை. அவர் எங்கே ஏறியிருக்க முடியும்? ஜெர்மனியில் இருந்துகொண்டு அவர் செய்த அரசியல் வேலைகளே போதுமான பெருமை. அதற்கு மேல் ஒரு கப்பல் தேவையில்லை.

சொல்லாக மாறிய கப்பல்

பொதுவாக ஒரு ஊரைச் சுட்டவன் பெயர் அந்த ஊரில் வசவாக மாறும். எம்டன் அப்படி ஆகவில்லை. கில்லாடி, தந்திரக்காரன், லேசில் பிடிபடாதவன், கொஞ்சம் பயப்பட வேண்டிய ஆள் என்ற எல்லா அர்த்தமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மலையாளத்தில் ‘எமண்டன்’ என்றால் பிரம்மாண்டமானது. இலங்கையிலும் தந்திரசாலியை எம்டன் என்பார்கள். வெள்ளைக்காரனை ஓடவிட்டவன் என்ற உள்ளூர மகிழ்ச்சி அதில் கொஞ்சம் உண்டு. ‘எமன்’ என்ற நம் சொல்லின் சாயல் ஒலியில் இருப்பதும் அது நாக்கில் ஒட்டிக்கொள்ள உதவியிருக்கும் என்று தோன்றுகிறது.

கவனித்தீர்களா, ஹாலிவுட் கொண்டாடும் ‘கண்ணியம்’ மட்டும் அந்தச் சொல்லில் இல்லை. நம் வீட்டில் யாரையாவது எம்டன் என்றால் “ரொம்ப நல்லவர்” என்று அர்த்தம் இல்லையே! கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்தவர்களுக்கு முல்லர் கனவான். கரையில் மூட்டை கட்டியவர்களுக்கு அவர் கெட்டிக்கார ஆபத்து. எனக்குத் தமிழ்ச் சொல்தான் சரியான விமர்சனமாகப் படுகிறது. கப்பலின் பெயர் தெரிகிறது, கேப்டனின் பெயரும் தெரிகிறது. அந்த இரவில் செத்துப்போன ஐந்து பேரின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்?

ஒரு வேடிக்கை. 2006-ல் கண்டிப்பான அப்பாவையும் மகனையும் பற்றி ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம் தயாரானது. நாசரும் பரத்தும் நடித்தது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்ற அறிவிப்பு வந்த நேரம். ‘எம்டன்’ தமிழ்ச் சொல் இல்லையே! பெயர் ‘எம் மகன்’ ஆனது. தொண்ணூறு வருஷம் நம்ம வாயில் புழங்கியும் வரிக் கணக்கில் அது வெளியூர்ச் சொல்தான்.

பார்க்கணுமா?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பீச் லோக்கல் பிடித்தால் போதும். கடற்கரை நிலையத்தில் இறங்கி நடந்தால் உயர்நீதிமன்றம். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு வளாகத்தின் சுற்றுச்சுவரில் இருக்கிறது. பரபரப்பில் பலர் கவனிக்காமலே கடந்துபோகிற சின்னக் கல்வெட்டு, கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். அன்று இரவு விழுந்த குண்டின் துண்டு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எம்டனின் பீரங்கி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் சிட்னி நகரத்து ஹைட் பார்க் வரைக்கும் போக வேண்டும்.